துண்டு போட்டுப் பிடிக்கிற இடம்: ராக் பேண்டில் கீபோர்டு வாசிக்க வருகிறவர்களுக்கு

ரிகர்சல் அறைக்கு டிரம்மர் முதலில் வந்து மூலையைப் பிடித்துக்கொள்வார். பேஸ் வாசிப்பவர் அவர் பக்கத்தில் நிற்பார். கிடார்காரர் தன் ஆம்ப்ளிஃபயரை இறக்கி வைத்ததும் அறையில் பாதி போய்விடும். நடு இடம் பாடகருக்கு, அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. கடைசியாகத் தோளில் பையும் கையில் ஸ்டாண்டுமாக உள்ளே வந்து, "நான் எங்கே போடட்டும்? பிளக் பாயின்ட் எங்கே இருக்கு?" என்று கேட்பவர்தான் கீபோர்டிஸ்ட்.

இந்தக் கேள்வி அந்த அறையோடு முடிவதில்லை. பாட்டுக்குள் என் சத்தத்துக்கு எங்கே இடம், மேடையில் எங்கே இடம், இசைத்தட்டின் அட்டையில் என் பெயருக்கு எங்கே இடம் என்று போய்க்கொண்டே இருக்கும். கிடார் இல்லாமல் ராக் பேண்டை நினைத்துப் பார்ப்பது கஷ்டம். கீபோர்டு இல்லாத ராக் பேண்டுகளோ எக்கச்சக்கம். ஆகவே பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி நம் இடத்தை நாமேதான் போட்டுப் பிடிக்க வேண்டும்.

இது அரிச்சுவடி அல்ல, கொஞ்சம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கானது. வகுப்புக்குப் போய் இரண்டு மூன்று கிரேடு முடித்தவராக இருக்கலாம். சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவராகவோ, கல்யாணக் கச்சேரி ஆர்கெஸ்ட்ராவில் பழகிய கையாகவோ இருக்கலாம். இப்போது நண்பர்கள் நாலு பேர் ராக் பேண்ட் ஆரம்பிக்கிறார்கள், "நீயும் வா" என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு வழித்துணையாக நான் கூட்டிவருவது டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் கீபோர்டிஸ்ட் ஜான் லார்டை. அவரைவிட வேகமான விரல்கள் உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் ஒருவருக்கு வரக்கூடிய எல்லாமே அவருக்கு வந்தது: சில்லறை ஸ்டுடியோ வேலை, பெரிய வெற்றி, குழு உடைவது, இன்னொருவர் குழுவில் வேலைக்கு நிற்பது, பழைய குழு மறுபடி சேர்வது, கடைசியில் தானாக விலகுவது.

முதல் மாதம்: கேட்பது மட்டும்

லார்ட் 1941-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். சிறு வயதிலேயே முறையாகச் செவ்வியல் பியானோ கற்றார். லண்டனுக்கு வந்தது நடிப்புப் படிக்க. வயிற்றுப்பாட்டுக்கு ஜாஸ், ப்ளூஸ் குழுக்களில் வாசிக்க ஆரம்பித்து அதிலேயே நின்றுவிட்டார். ஒரு பக்கம் பாக்கின் செவ்வியல் இசை, இன்னொரு பக்கம் ஜிம்மி ஸ்மித்தின் ஜாஸ் ஆர்கன். இரண்டையும் கேட்டு ஊறிய கையோடு 1968-ல் டீப் பர்ப்பிளில் சேர்ந்தார். அதாவது ராக் அவருக்குக் கடைசியாக வந்த பாஷை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், முந்தைய பாஷைகள் உதவிக்கு வரும்.

மூன்று பாட்டுகளைப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, 1970-ல் வந்த டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்'. அதன் ஆர்கன் தொடக்கத்தை ஏ மைனர், ஜி, எஃப் என்று மூன்றே கார்டுகளை வைத்து ஒரு மாலைக்குள் வாசித்துவிடலாம். அந்த மெட்டு வந்த வழியும் சுவாரசியமானது. இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' பாட்டிலிருந்து எடுத்து, வேகத்தைக் குறைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே மெட்டு வேகம் குறைந்ததும் எப்படி வேறு ஆளாகிவிடுகிறது என்று காதே சொல்லும்.

இரண்டாவது, பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்', 1971. 23 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு, பியானோவின் ஒரே ஒரு உயர்ந்த சுரத்தில் தொடங்குகிறது. குழுவின் கீபோர்டிஸ்ட் ரிச்சர்ட் ரைட் அந்தப் பியானோவை லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பியதில் நீருக்கடியில் மணி அடித்தது போலக் கேட்கும். அந்த ஒரு சுரத்தை எடுத்துவிட்டால் பாட்டுக்கு வாசலே இல்லை.

மூன்றாவதாக டோர்ஸ் குழுவின் எந்த ஆரம்ப காலப் பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். மேடையில் அவர்களுக்கு பேஸ் கிடார் கிடையாது. ரே மன்சாரெக் இடது கையில் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸும் வலது கையில் வாக்ஸ் ஆர்கனுமாக இரண்டு ஆள் வேலையைப் பார்த்தார்.

கேட்கும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு எங்கே வாசிக்கிறது என்று குறிப்பது எல்லோரும் செய்வது. நீங்கள், அது எங்கே வாசிக்கவில்லை என்று நேரம் போட்டுக் குறியுங்கள். பத்துப் பாட்டுக்கு இப்படிச் செய்தபின் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால், நல்ல கீபோர்டிஸ்டுகள் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் என்று தெரியும். எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

ஸ்டைல் பட்டனும் டிரான்ஸ்போஸ் பட்டனும்

ஆர்கெஸ்ட்ராவிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு பழக்கங்களை விடுவது கஷ்டமாக இருக்கும். ஒன்று ஸ்டைல். இடது கையில் கார்டைப் பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானாக ஓடும் வசதி. ராக் பேண்டில் அந்த வேலைக்கு ரத்தமும் சதையுமாக இரண்டு பேர் இருக்கிறார்கள், அந்தப் பட்டன் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று டிரான்ஸ்போஸ். பாடகருக்கு அரைக்கட்டை ஏற்ற வேண்டுமா, பட்டனை அழுத்து, அதே விரலில் வாசி. இதன் அபாயத்தை நானே மேடையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கல்லூரி விழா. முந்தின பாட்டுக்காக அரைக்கட்டை ஏற்றி வைத்திருந்ததை மறந்துவிட்டேன். அடுத்த பாட்டுக்கு முன்வாசிப்பு நான் மட்டும்தான், எட்டு அளவு (பார்). நிதானமாக, அழகாக வாசிக்கிறேன். என் காதுக்கு எல்லாம் சரி. ஒன்பதாவது அளவில் கிடாரும் பேஸும் சேர்ந்து உள்ளே வந்தன. அரைக்கட்டை இடைவெளியில் இரண்டு பாட்டு ஒன்றோடொன்று மோதினால் எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. பேஸ்காரர் தன் டியூனரைப் பார்த்தார். கிடார்காரர் என்னைப் பார்த்தார். நான் பட்டனைப் பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் பட்டன் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

டேப் ஒட்டிவிட்டால் எல்லா ஸ்கேலிலும் கை போக வேண்டும். ராக் பாட்டுகளின் ஸ்கேலை முடிவு செய்வது பெரும்பாலும் கிடாரின் திறந்த தந்திகள், அதனால் ஈ, ஏ, டி, ஜி ஆகியவை அடிக்கடி வரும். வெள்ளைக் கட்டைச் சௌகரியத்துக்காக சி மேஜரிலேயே பழகியவர்கள் முதலில் ஈ மைனரிலும் ஏ மைனரிலும் ஆறு சுர ப்ளூஸ் ஸ்கேலை இரண்டு கையாலும் ஏற்றி இறக்கட்டும். எல்லாத் தந்திகளையும் அரைக்கட்டை இறக்கி வைத்துக்கொள்ளும் கிடார்காரர்களும் உண்டு, அப்போது ஈ என்பது ஈ ஃபிளாட் ஆகும். முதல் ரிகர்சலிலேயே "என்ன டியூனிங்?" என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் பன்னிரண்டு அளவு ப்ளூஸ். மெட்ரோனோம் போட்டு, மெதுவாக, தூக்கத்திலும் வருகிற வரை. யாருக்கும் பாட்டு நினைவுக்கு வராத ரிகர்சல்கள் எல்லாம் அதில்தான் ஓடும்.

இடது கையைப் பையில் வையுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பேண்டில் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இடது கையால்தான். தனியாக வாசித்துப் பழகியவருக்கு இடது கை கீழே பேஸ் கொடுத்தால்தான் நிறைவு. பேண்டில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறார். நாலு தந்தி பேஸ் கிடாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், கிடாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ். கீபோர்டின் நடு சி சுமார் 262 ஹெர்ட்ஸ். நடு சி-க்குக் கீழே இரண்டு ஆக்டேவ் நீங்கள் போய் முழுக் கார்டு பிடித்தால், மூன்று பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த கதைதான். சத்தம் கூடும், ஒன்றும் கேட்காது. சவுண்ட்காரர் முதலில் குறைப்பது உங்களைத்தான், அவர் மேல் தப்பில்லை.

எளிய வழி: கிடார் கீழே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு) அடிக்கும்போது நீங்கள் நடு சி-க்கு மேலே ஏறிவிடுங்கள், இரண்டு அல்லது மூன்று சுரம் போதும். கிடார் மேலே போய் சோலோ வாசிக்கிறதா, நீங்கள் நடுவுக்கு இறங்கி நீளமாகப் பிடித்து நில்லுங்கள். பாடகர் பாடும்போது அவர் குரல் நிற்கிற அதே சுரங்களில் மெட்டை வாசிக்காதீர்கள். அவர் மூச்சு விடும் இடைவெளியில் இரண்டு சுரம் சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். பக்கவாத்தியக்காரர் பாடகரைக் கவனிக்கிற மாதிரி.

இன்னொரு நுட்பம் நம் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். ராக் கிடாரில் பவர் கார்டு என்பது சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் கிடையாது. சத்தத்தை உடைத்து முரடாக்கும் டிஸ்டார்ஷனில் காந்தாரம் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும் என்பதால் அப்படி. ஆக, அது மேஜரா மைனரா என்று கிடார் சொல்வதில்லை. நீங்கள் மேலே ஒரு அந்தர காந்தாரத்தை வைத்தால் பாட்டு வெளிச்சமாகும், சாதாரண காந்தாரத்தை வைத்தால் இருட்டும். ஒரே விரலில் பாட்டின் முகத்தை மாற்றும் அதிகாரம் இது. பாடகரின் மெட்டு எந்தக் காந்தாரத்தில் நிற்கிறது என்று தெரியாமல் விரலை வைத்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். தெரியவில்லையா, நீங்களும் ச-பவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லார்ட் இதற்கு நேர் எதிரான வழியையும் காட்டியிருக்கிறார். லெஸ்லி ஸ்பீக்கரோடு மட்டும் நின்றால் தன் குழுவின் ரிச்சி பிளாக்மோரின் கிடாருக்கு ஈடு கொடுக்க முடியாது என்று, தன் ஹாமண்ட் ஆர்கனைக் கிடார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். ஆர்கன் உறும ஆரம்பித்தது. உலகமே முணுமுணுக்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃபை கிடார் தொடங்க, பிறகு ஆர்கனும் அதே ரிஃபில் சேர்ந்து அடிக்கிறது. பலருக்கு அது ஒரே கிடாராகத்தான் காதில் விழுகிறது. சேர்ந்து அடிப்பதும் ஒரு வழிதான், ஆனால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது.

ஆர்கனை ஆர்கனாக வாசிப்பது

ராக் பேண்டுக்கு நாலு சத்தம் கைவசம் இருந்தால் முதல் வருடம் ஓடிவிடும்: பியானோ, எலெக்ட்ரிக் பியானோ, ஆர்கன், மெல்லப் படர்கிற ஸ்டிரிங்ஸ் மாதிரி ஒரு பேட். மற்ற முன்னூறு சத்தங்களைக் கடைக்காரர் காட்டும்போது ரசித்துவிட்டு மறந்துவிடலாம். நாலில் மூன்று உங்களுக்கே பிடிபடும். ஆர்கனை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பியானோ கை ஆர்கனுக்கு உதவாது.

ஹாமண்ட் ஆர்கன் 1935-ல் விற்பனைக்கு வந்தது. பெரிய தேவாலயக் குழாய் ஆர்கனை வாங்க வசதியில்லாத சிறு தேவாலயங்கள்தான் அதை ஆவலாக வாங்கின. ராக்குக்கு வந்தது பிற்பாடு. அதில் விரலை அழுத்தி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது வலது காலுக்குக் கீழே இருக்கும் பெடல். சஸ்டெயின் பெடல் கிடையாது, விரலை எடுத்தால் சுரம் நின்றது. எனவே ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு விரலை வழுக்கி, ஒரு கட்டையை விடும்முன் அடுத்ததைப் பிடித்துப் போக வேண்டும். உங்கள் கீபோர்டில் ஆர்கன் சத்தத்தைப் போட்டுக்கொண்டு சஸ்டெயின் பெடலைக் கழற்றிவிட்டுப் பத்து நாள் பழகுங்கள். பெடல் இத்தனை நாள் எவ்வளவு சோம்பேறித்தனத்தை மறைத்திருக்கிறது என்று தெரியவரும்.

அடுத்தது டிராபார். ஒன்பது இழுப்புக் கம்பிகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை அளவு. இன்றைய டிஜிட்டல் கீபோர்டுகளிலும் இவை ஸ்லைடராகவோ திரையிலோ இருக்கும். முதல் மூன்றையும் முழுக்க இழுத்து மற்றதை மூடி வையுங்கள்: 888000000. ராக் ஆர்கனுக்கு எல்லோரும் தொடங்கும் இடம் அது. இப்போது ஒரு கார்டைப் பிடித்தபடியே நாலாவது கம்பியை மெல்ல இழுத்துப் பாருங்கள், ஒளி கூடும். ஒன்பதையும் இழுத்தால் தேவாலயமே உள்ளே வந்துவிடும், அதைப் பாட்டின் கடைசிக் கோரஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு லெஸ்லி. மரப்பெட்டிக்குள் மேலே ஒரு கொம்பும் கீழே ஓர் உருளையும் சுழல, சத்தம் அறையைச் சுற்றி வரும். வேகம் இரண்டு: மெதுவாக, வேகமாக. மாற்றியவுடன் சட்டென்று வேகம் பிடிக்காது, மின்விசிறி மாதிரி மெல்லத்தான் ஏறும். அந்த ஏற்றம்தான் அழகு. கோரஸ் தொடங்கிய பிறகு சுவிட்சைத் தட்டினால் ரயில் போய்விட்டது. அரை அளவு முன்பே தட்டுங்கள்.

எதை வாங்குவது

லார்ட் சுமந்த மாதிரி ஹாமண்ட் பெஞ்சும் கால்கட்டையும் சேர்த்து 180 கிலோவுக்கு மேல் வரும். நமக்கு அது வேண்டாம்.

வகுப்பு ஆசிரியர் 88 கட்டை, பியானோ கனம் உள்ளதை வாங்கச் சொல்வார். வீட்டில் பழக அது நல்லது. ஆனால் பேண்டுக்காக ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால், 61 அல்லது 73 கட்டை, லேசான விசையுள்ளதை வாங்குங்கள். உள்ளங்கையால் கட்டைகளைச் சரித்து இழுக்கும் ஆர்கன் வித்தையைக் கனமான கட்டையில் செய்தால் தோல் போய்விடும். மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத ரிகர்சல் அறைக்கு 20 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறியவனாகவும் சொல்கிறேன்.

யமஹா, ரோலண்ட், கோர்க் எல்லாமே உழைக்கும். சிவப்பு நிற நோர்டு ஸ்வீடனில் செய்வது, கை நிறையச் சம்பாதித்த பிறகு பார்க்கலாம். பெயரைவிட முக்கியம் பின்பக்கம். கடையில் முதலில் கீபோர்டைத் திருப்பச் சொல்லுங்கள். ஹெட்போன் துளை மட்டும் இருந்தால் வேண்டாம். இடது, வலது என்று தனித்தனி வெளியீடு இருக்க வேண்டும். சஸ்டெயினுக்கு ஒன்றும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கு ஒன்றும் துளை இருக்க வேண்டும். கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் ஒரு சத்தம், வலது பக்கம் ஒரு சத்தம் வைக்கும் வசதியும் வேண்டும். இவை இருந்தால் பழைய மாடலையே செகண்ட் ஹேண்டில் வாங்கலாம். எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் பலமாகவும் அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

ஸ்டாண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். பெருக்கல் குறி வடிவ மலிவு ஸ்டாண்டு, வேகமான பாட்டில் படகு மாதிரி ஆடும்.

ரிகர்சல்

பேண்ட் கிடைப்பது பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. கல்லூரி விழாக்கள், சர்ச், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வரும். கீபோர்டு வாசிப்பவர் கிடார்காரர்களை விடக் குறைவு என்பதால் கூப்பிடுவார்கள். ஏ.ஆர். ரஹ்மானும் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் இருந்தவர்தான், ரூட்ஸ் என்ற குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான்.

முதல் ரிகர்சலுக்குப் போகும்போது பாட்டைக் கற்றுக்கொண்டு போங்கள், அங்கே போய்க் கற்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம்: ஸ்கேல், வேகம், கார்டு வரிசை, எந்தச் சத்தம், எங்கே சும்மா இருப்பது. இந்த நோட்டு கடைசியில் மறுபடி வரும்.

மேடை

சவுண்ட் செக்கில் கீபோர்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடம். டிரம்ஸுக்கு அரை மணி நேரம் போயிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் உங்களிடம் இருப்பதிலேயே சத்தமான பேட்சையும் (கீபோர்டில் சேமித்து வைத்த ஒரு சத்தம்) மெல்லிய பேட்சையும் காட்டிவிட வேண்டும். வீட்டிலேயே எல்லாப் பேட்சுகளையும் ஒரே அளவுக்குச் சமன் செய்து, பாட்டு வரிசைப்படி அடுக்கி வையுங்கள். ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த பாட்டின் சத்தம் வர வேண்டும். இருட்டில் மெனுவுக்குள் தேடுவது கூடாது.

மிக்ஸருக்கு ஒரே ஒரு லைன்தான் தருவேன் என்று சவுண்ட்காரர் சொன்னால் இடது பக்க வெளியீட்டில் மட்டும் மாட்டுங்கள், அங்கே பெரும்பாலும் மோனோ என்று எழுதியிருக்கும். டி.ஐ. பாக்ஸ் (கீபோர்டு சிக்னலை நீளமான வயருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் நீளமான வயரில் இரைச்சல் ஏறும். லேப்டாப் சார்ஜர் மாட்டியவுடன் "ங்ங்" என்று வந்தால் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓட்டுங்கள்.

சஸ்டெயின் பெடலைப் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்கு யாரும் சொல்லாதது. பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் பெடலின் நிலையைப் பார்த்து அதையே 'மிதிக்காத நிலை' என்று வைத்துக்கொள்ளும். பெடல் மேல் காலை வைத்தபடி ஆன் செய்தால் எல்லாம் தலைகீழ்: மிதித்தால் சத்தம் நிற்கும், விட்டால் நீளும். பயப்படாமல் காலை எடுத்து, ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

நம் ஊர் மேடைகளில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும் அந்த ஐந்து நொடி மற்றவர்களுக்கு ஐந்து நொடிதான். கிடார் உடனே உயிர் பெறும். டிஜிட்டல் கீபோர்டு மறுபடி எழுந்து உட்கார அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், எழுந்தால் முதல் பேட்சில் நிற்கும். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யு.பி.எஸ். ஒன்றைச் சுமந்து போவதில் வெட்கம் வேண்டாம்.

பணமும் பெயரும்

இந்தப் பகுதியைத்தான் பலரும் தாண்டிப் போவார்கள். தாண்டாதீர்கள்.

மேத்யூ ஃபிஷர் என்றொரு ஆர்கனிஸ்ட். 1967-ல் புரோகோல் ஹாரம் குழுவின் 'எ வொய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டில், அந்தப் பாட்டு என்றதும் எல்லோர் காதிலும் ஒலிக்கும் ஆர்கன் மெட்டை வாசித்தவர் அவர். பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2005-ல் வழக்குப் போட்டார். 2006-ல் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்றது. மேல்முறையீட்டில் அது கைநழுவி, 2009-ல் பிரபுக்கள் சபை (அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்) மறுபடி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2005-க்கு முந்தைய வருமானம் அவருக்குக் கிடைக்கவில்லை. முப்பத்தெட்டு வருடம் அப்படியே போயிற்று.

டீப் பர்ப்பிளின் 1970-களின் தொடக்கத் தட்டுகளைப் பாருங்கள். ஐந்து பேர் பெயரும் எல்லாப் பாட்டிலும் இருக்கும். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப் பிளாக்மோருடையது என்று ஊருக்கே தெரியும், இருந்தும் பாட்டில் லார்டுக்குப் பங்கு உண்டு. 1984-ல் குழு மறுபடி சேர்ந்து வெளியிட்ட தட்டிலோ பெரும்பாலான பாட்டுகளில் மூன்று பெயர்தான், லார்ட் அதில் இல்லை. ஆட்கள் அதே ஐந்து பேர், ஏற்பாடுதான் வேறு.

ஆகவே சொந்தப் பாட்டு போட ஆரம்பிக்கும் அன்றே கேளுங்கள்: பங்கு எப்படி? எல்லோருக்கும் சமமா, மெட்டுக்கும் வரிக்கும் மட்டுமா? எந்தப் பதிலாக இருந்தாலும் ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெட்டுவிடும் என்பார்கள். தாள் இல்லாததால் கெட்ட நட்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் மெட்டுப் போட்டவர்கள், வரி எழுதியவர்கள் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகலாம், முதல் பாட்டு வெளியானதுமே அதைப் பாருங்கள்.

பங்குதாரராக இருப்பதுதான் எப்போதும் லாபம் என்றும் இல்லை. 'தி வால்' தட்டு தயாராகும்போது ரிச்சர்ட் ரைட் பிங்க் ஃபிளாய்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனாலும் 1980, 81 கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். மேடையில் சுவர் கட்டி இடிக்கும் அந்தக் கச்சேரிகள் பெரும் நஷ்டம். நஷ்டத்தைச் சுமந்தது மற்ற மூவர். சம்பளக்காரர் ரைட் மட்டும்தான் கையில் பணத்தோடு வீட்டுக்குப் போனார்.

சம்பளத்துக்கு வாசிப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ரிக் வேக்மன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படிப்பைப் பாதியில் விட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் போய் வாசித்தவர். டேவிட் போவியின் 'லைஃப் ஆன் மார்ஸ்' பாட்டின் பியானோ அவருடையது. பிற்பாடு யெஸ் குழுவில் புகழ் பெற்றார். குழுவின் நீண்ட நீண்ட பாட்டுகள் அவருக்கு அலுத்துப்போய், 1973-ல் மான்செஸ்டர் மேடையில், கச்சேரி நடுவே வரவழைத்த இந்தியக் கறிச் சாப்பாட்டைக் கீபோர்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த ஆண்டு குழுவை விட்டு விலகினார். உங்களுக்கு மேடையில் பசி எடுக்க ஆரம்பித்தால் வேறு குழு பார்க்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

லார்டும் டீப் பர்ப்பிள் 1976-ல் உடைந்தபின், 1978 முதல் ஒயிட்ஸ்நேக்கில் வாசித்தார். அது டேவிட் கவர்டேலின் குழு. தன் பழைய குழுவுக்குக் கடைசியாக வந்து சேர்ந்த பாடகருக்குப் பின்னால் நின்று ஆறு வருடம் வாசிக்கத் தனி மனசு வேண்டும்.

கை, காது, அப்புறம் நோட்டு

டிரம்மரின் சிம்பலுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் உங்களை நிறுத்துவார்கள். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், முதல் கச்சேரிக்கு முன்பே. கை மரத்துப்போனாலோ விரல் சொன்னபடி கேட்காவிட்டாலோ அன்றைய பயிற்சியை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். கீபோர்டிஸ்ட் கீத் எமர்சன் அளவுக்கு வலுவான கை ராக் உலகில் குறைவு. 1993-ல் வலது கை நரம்புப் பிரச்சினையால் அவரே ஒரு வருடம் வாசிக்க முடியாமல் இருந்தார்.

நீங்கள் போக முடியாத நாளும் வரும். பரீட்சை, கல்யாணம், காய்ச்சல். அன்றைக்கு உங்கள் இடத்தில் இன்னொருவர் வாசிப்பார். 2001-ல் லார்டுக்கு முழங்காலில் கோளாறு வந்தபோது டான் ஏரி வந்து சமாளித்தார். அடுத்த வருடம் லார்ட் சொந்தமாக ஆர்கெஸ்ட்ரா இசை எழுதுவதற்காக விலகியபோது அந்த இடம் நிரந்தரமாக ஏரிக்கே போனது. 1969-லேயே ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவையும் தன் ராக் குழுவையும் ஒரே மேடையில் உட்கார வைத்து இசை எழுதியவருக்கு அது புது ஆசையும் இல்லை. ஏரி சும்மா வந்தவரும் இல்லை. ஓஸி ஆஸ்போர்னின் 'மிஸ்டர் க்ரௌலி' தொடக்கத்தில் வரும் அந்தக் கீபோர்டு அவருடையது.

உங்களுக்குப் பதில் வருகிறவருக்கு அந்த நோட்டைக் கொடுங்கள், முழுசாக. எந்தப் பாட்டில் எந்த பேட்ச், கிடார்காரர் எந்த இடத்தில் அவசரப்படுவார், பாடகர் எந்தக் கோரஸை இரண்டு தடவை பாடுவார், எல்லாம் அதில் இருக்கட்டும். என் நோட்டின் முதல் பக்கத்தில் இப்போது பெரிய எழுத்தில் ஒரே வரிதான்: டேப்பை எடுக்காதே.